அப்பத்தா நோட்டு, 37-ஆம் பக்கம்

(குழு: கொடை வீட்டுச் சொந்தங்கள்)

கவிதா: பெரியம்மா, அப்பத்தா நோட்டுல பூண்டு பட்டர் பீன்ஸ் குழம்புப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் சாப்பிட வாராங்க.

பெரியம்மா: இரும்மா, அடுப்புல பால் இருக்கு.

பெரியம்மா: 📷 படம்

பெரியம்மா: எண்ணெ பட்ட எடத்துல எழுத்து மங்கிப்போச்சு. தெரியலைன்னா கேளு.

கவிதா: எழுத்து தெரியுது, கணக்குதான் புரியல 😭 "பூண்டு 5 பலம், வெங்காயம் 5 பலம், மிளகு ஒரு ரூபாய் எடை, நல்லெண்ணெய் அரை ஆழாக்கு". பலம்னா?

சித்தப்பா: 40 பலம் ஒரு வீசை. வீசை 1 கிலோ 400. அப்ப ஒரு பலம் 35 கிராம். உனக்கு பூண்டு 175, வெங்காயம் 175. சின்ன வெங்காயம்மா, பெரிய வெங்காயத்தப் போட்டுறாத.

சித்தப்பா: பழைய வெள்ளி ரூபாயத்தான் எடைக்கல்லா வச்சிருந்தாங்க. 12 கிராம்னு வச்சுக்க. ஆழாக்கு 168 மில்லி, அதுல பாதி எண்ணெ.

பிரவீன்: 84 மில்லி எண்ணெயா!! டாக்டர் பார்த்தா நோட்டையே புடுங்கிக்குவாரு

செல்வி அத்தை: அதான் கொழம்பு மூணு நாள் கெடாம நின்னுச்சு. நீ கொறச்சா அன்னைக்கே தீத்துரு.

கவிதா: "பட்டர் பீன்ஸ் முக்கால் மணி வேகவும்"னு இருக்கே, பச்சை பீன்ஸுக்கு அவ்வளவு நேரமா?

பிரவீன்: கவி, அது நம்ம ஊருக்கு எழுதினது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்க தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது. அதான் பருப்பு, பீன்ஸ் எல்லாம் மெதுவா வேகும். சென்னைல அதே நேரம் வச்சா கூழு.

பெரியம்மா: ஆமாம்மா. விறகடுப்பு, மண்சட்டி, அதுவும் மழைக்காலம். நீ இருபது நிமிஷத்துல ஒண்ண எடுத்து நசுக்கிப் பாரு. தோலு கழண்டு வரக் கூடாது.

கவிதா: பூண்டு இங்க கடையில "கொடைக்கானல் பூண்டு"ன்னே போர்டு போட்டு விக்கிறாங்க, வாங்கிரவா?

சித்தப்பா: 2019-ல புவிசார் குறியீடு கெடச்சதுல இருந்து ஊருல இருக்குற பூண்டு எல்லாத்துக்கும் அந்தப் பேருதான் 😄

பெரியம்மா: மலைப்பூண்டு உரிக்கும்போதே கண்ணு கரிக்கும். கடைப்பூண்டுன்னா 5 பலம் பத்தாது, 7 போடு. முழுசாப் போட்டு எண்ணெயிலயே செவக்க வதக்கணும். அவசரப்பட்டு புளிய ஊத்திட்டா உள்ள வேகாம நறுக்குன்னு இருக்கும். வதக்குறதுலதான் கொழம்பே இருக்கு, மத்ததெல்லாம் தானா நடக்கும்.

கவிதா: தக்காளி எத்தன?

செல்வி அத்தை: ஒண்ணும் கெடையாது. புளி மட்டும்.

கவிதா: கடைசி வரில பென்சில்ல ஏதோ இருக்கு. "வெல்லம் சுண்டைக்காய் அளவு. சொல்ல வேண்டாம்."

பிரவீன்: 😂😂😂

செல்வி அத்தை: எங்கம்மா கொழம்புல வெல்லமே போட மாட்டாங்க. யாரோ பின்னாடி எழுதினது.

பெரியம்மா: செல்வி, கையெழுத்து அத்தையோடதுதான். "வெ" எழுதுறப்ப கொம்ப நீட்டிச் சுழிப்பாங்க, பாரு. எறக்குற நேரத்துக்கு என்னைய வெளிய அனுப்பிட்டுப் போடுவாங்க.

செல்வி அத்தை: எனக்குத் தெரியாம எப்படி மதினி?

பெரியம்மா: மக வாய் தெறந்தா ஊருக்கே தெரியும்னு சொல்லுவாங்க 🙈

சித்தப்பா: எனக்குத் தெரியும். வெல்ல டப்பாவ ஒளிச்சு வச்சதே என்கிட்ட இருந்துதான்.

செல்வி அத்தை: 🎤 குரல் செய்தி (2:14)

பிரவீன்: அத்தை, ரெண்டு நிமிஷம் திட்டு, கேட்டாச்சு

பெரியம்மா: சரி சரி. நாளைக்கு மன்னவனூர்ல இருந்து பூண்டு வருது. யார் யாருக்கு எவ்வளவு?

கவிதா: எனக்கு ஒரு கிலோ பெரியம்மா. ராத்திரி பஸ்ல போட்டு விட முடியுமா?

சித்தப்பா: வத்தலக்குண்டு வரைக்கும் அனுப்புங்க மதினி, அங்கருந்து நான் ஏத்தி விட்டுர்றேன். எனக்கு அரைக் கிலோ.

செல்வி அத்தை: எனக்கு ரெண்டு. அப்புறம் அந்த நோட்டு முழுசையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. இன்னும் என்னென்ன மறைச்சிருக்காங்கன்னு பாக்கணும்.