‘நேரம்வரை மீட்பு’: கலைச்சொல் முன்மொழிவு

வணக்கம்.

தவறி அழித்த தரவை, அழிப்பதற்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் பாயின்ட்-இன்-டைம் ரெக்கவரி என்ற தரவுத்தள வசதிக்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன: காலப்புள்ளி மீட்பு, பின்னோக்கு மீட்பு, காலவரை மீட்பு. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணம், கிருஷ்ணகிரியில் நான் பட்ட ஒரு பாடு.

ஒரு மாங்காய் மண்டியின் கணக்கு மென்பொருளை நான்தான் கவனிக்கிறேன். மே மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து அதிகமாக இருந்த நாள். பழைய சீசன் பதிவுகளை நீக்கப் போய், எவற்றை நீக்க வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை வரியை விட்டுவிட்டு டெலிட் கொடுத்துவிட்டேன். விவசாயிகளுக்குத் தரவேண்டிய பாக்கி மொத்தமும் போய்விட்டது. பிற்பகல் மணி 3.40. கைகால் ஓடவில்லை. மண்டியில் வெகுகாலமாகக் கணக்கு எழுதும் பெரியவரிடம் ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு விளக்கத் தடுமாறினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “பேரேடு போனா போகட்டும் தம்பி, சிட்டை இருக்கில்ல? பழைய பேரேட்டை எடுத்து வச்சு, சிட்டையைப் பார்த்து ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டு வா. தப்பு நடந்த இடம் வந்ததும் நிறுத்திடு.” சிட்டை என்பது நடக்க நடக்க எழுதும் அன்றாடக் குறிப்பு, பேரேடு என்பது அதிலிருந்து ஆள்வாரியாக ஏற்றும் கணக்கு.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2005இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து செய்வது இதைத்தான். எந்த மாற்றமும் தரவுக் கோப்புக்குப் போகும் முன்பே ‘வால்’ (WAL, ரைட்-அஹெட் லாக்) என்கிற பதிவில் ஏறிவிடுகிறது. வழக்கமாக 16 எம்.பி. துண்டுகள். மீட்கும்போது பழைய முழு நகலை வைத்து, அதன்மேல் இந்தத் துண்டுகளை வரிசையாக ஏற்றி, நாம் சொன்ன நேரத்தில் நிறுத்துகிறது. அன்று வேறொரு கணினியில் 3.39 வரை ஏற்றி, பாக்கி அட்டவணையை மட்டும் ஓடிக்கொண்டிருந்த தளத்துக்குக் கொண்டுவந்தேன். அதனால் 3.40க்குப் பிறகு இறங்கிய லோடுகளின் பதிவு எதுவும் கெடவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இங்கே பயணம் முன்னோக்கித்தான், ஆகவே ‘பின்னோக்கு’ தவறான படத்தைத் தருகிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் உள்ள ஃபிளாஷ்பேக் டேட்டாபேஸ் என்ற வசதி மாற்றங்களை நிஜமாகவே பின்னோக்கி அவிழ்க்கிறது. அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். ‘காலப்புள்ளி’ ஆங்கிலத்தின் நிழல், தமிழில் யாரும் நேரத்தைப் புள்ளி என்பதில்லை. ‘காலவரை’ என்றாலோ காலவரையற்ற வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வரும், அது கெடுவைக் குறிக்கும் சொல்.

என் முன்மொழிவு ‘நேரம்வரை மீட்பு’. எங்கே நிறுத்த வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வாலுக்கு ‘முன்சிட்டை’ என்கிறேன். சிட்டையில் முதலில், பேரேட்டில் பிறகு என்பது மண்டிக் கணக்கின் பழைய ஒழுங்கு. அதே ஒழுங்குதான் இங்கேயும்.

ஒரு சிக்கல் உண்டு. ‘3.40 வரை’ என்றால் 3.40 சேர்த்தியா இல்லையா? போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே ஓர் அமைப்பு (செட்டிங்) இருக்கிறது, இயல்பாக அது சேர்த்தே எடுக்கும். அழித்த கணத்தையே கொடுத்தால் அழிப்பும் திரும்ப நடந்துவிடக்கூடும். ஆகவே ‘உட்பட’, ‘நீங்கலாக’ என்ற இரண்டையும் அமைப்பின் பெயரிலேயே சேர்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

‘சிட்டை’ எங்கள் பக்கத்து வழக்கு மட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். பாலக்கோடு தக்காளி மண்டிகளில் இதற்கு வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், அதையும் சேர்த்துப் பேசுவோம்.