ஒட்டன்சத்திரத்தில் 10 ரூபாய்த் தக்காளி, காரைக்குடியில் 25. இடையில் தின்பது யார்?

பந்திச்சமையல்: ஒட்டன்சத்திரத்துல 14 கிலோ பெட்டி 140 ரூபாய்க்குப் போகுதுன்னு வைங்க. கிலோ 10. காரைக்குடிக் கடையில அதே பழம் 25. மண்டிக்காரங்கதான் அடிக்கிறாங்க. முகூர்த்த நாளுக்குச் சமையல்காரங்க நாலு பேர் சேர்ந்து வண்டி பிடிச்சு நேரா ஏத்திட்டு வந்தா இந்தக் கொள்ளை நிக்கும்.

மண்டிக்கணக்கு: கணக்கைப் போட்டுட்டுப் பேசுங்கண்ணே. பெட்டி 140. ஏத்துகூலி, வண்டி வாடகை, இங்க இறக்குகூலி சேர்த்துப் பெட்டிக்கு 40 வைங்க. ஆச்சு 180. நசுங்கல், அழுகல், எடைக்குறைவுன்னு ஒன்றரைக் கிலோ போனா மிஞ்சுறது 12.5 கிலோ. அடக்கவிலையே 14.40.

இப்ப பழம் கிலோ 40 விக்கிற காலத்தைப் பாருங்க. பெட்டி 560, வண்டிச் செலவு அதே 40. அடக்கம் 48. அதாவது விலை ஏறுறப்போ வண்டிச் செலவும் சேதமும் சேர்ந்து வாங்கின விலையில 20 சதவீதம். விலை விழுறப்போ 44 சதவீதம். காய் விலை விழுந்தா டீசலும் கூட விழுமா? அங்க தெருவுல கொட்டுறாங்கன்னு டிவியில காட்டுற அன்னைக்கும் இங்க மலிவாக் கிடைக்காததுக்கு முதல் காரணம் இதுதான்.

பந்திச்சமையல்: சரி, 14.40. அதுக்கும் 25க்கும் நடுவுல இருக்கிற பத்து ரூபாய்?

சில்லறைக்கடை: கடைக்காரன் மண்டியில 17க்கு எடுக்கிறான். 12.5 கிலோவுக்கு 212.50. காலையில பொறுக்கி எடுக்கிறவங்க 25 கொடுத்து வாங்குறது 8 கிலோ. மீதி 4.5 கிலோ சாயங்காலம் கூறு கட்டினா கிலோவுக்கு 10 தேறும். மொத்தம் 245. மிச்சம் 32.50. அதுல பை, கரண்டு, கடை வாடகை. கூறும் போகலைன்னா மாட்டுக்குத்தான்.

உங்க வண்டி யோசனைக்கு வர்றேன். ஆயிரம் இலைக் கல்யாணத்துக்கே மூணு வேளைக்கும் சேர்த்துத் தக்காளி ஏழெட்டுப் பெட்டி. சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டியில 50 பெட்டி ஏறும். பாதி வண்டி காலின்னா பெட்டிக்கு வாடகை இரட்டிப்பு.

கண்மாய்க்கரை: விவசாயி தலையில விழுற 10 சதவீத மண்டிக் கமிஷனை ஒருத்தரும் சொல்லலையே! ஊருக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுங்க, எல்லாம் சரியாகும். உழவர் சந்தை 1999லயே வந்துருச்சு. அங்க விலை, மொத்த விலைக்கு மேல சுமார் 20 சதவீதம்தான்.

மண்டிக்கணக்கு: உழவர் சந்தையை யார் வேணாம்னா? நம்ம செம்புறை மண்ணுல கத்தரி, வெண்டை, கொத்தவரை வரும். கேரட்டும் பீன்ஸும் மலையிலிருந்துதான் இறங்கணும். கிடங்கு விஷயத்துலதான் ஒத்துக்க மாட்டேன். 10 டிகிரிக்குக் கீழே காய்வெட்டுத் தக்காளியை, அதாவது பழுக்கிறதுக்கு முன்னாடியே பறிச்சதை, வச்சா அப்புறம் ஒழுங்காச் சிவக்காது. கத்தரி தோல் குழிவிழும். கேரட், முட்டைக்கோசுக்கு 0 பக்கம் வேணும். சின்ன வெங்காயத்துக்கோ காத்தோட்டமான பட்டறை (வெங்காயம் சேர்த்து வைக்கிற கொட்டகை) போதும், ஈரம் பட்டா முளைக்கும். ஒரே அறையில எதை வைப்பீங்க? சித்திரை வெயில்ல வெளிய எடுத்த உடனே காய் வேர்த்து, மறுநாள் அழுகும்.

கண்மாய்க்கரை: கேரட், காலிஃபிளவருக்காவது ஆகுமில்ல?

மண்டிக்கணக்கு: ஆகும், சின்ன அறையா இருந்தா. தக்காளிக்கு அதைவிடச் செலவில்லாத வழி இருக்கு. முழுப்பழத்தை விட்டுட்டு செங்காயா எடுங்க. மழையில நனைஞ்ச பழத்தை உலர்த்தாம ஏத்தாதீங்க. பிளாஸ்டிக் கிரேட்டுல விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே நிறுத்துங்க. மேல அடுக்குற பாரம் கிரேட் விளிம்புல நிக்கும், பழத்துல நிக்காது. குவிச்சு நிரப்பினா கிரேட் இருந்தும் வீண். ஒன்றரைக் கிலோ சேதம் முக்கால் கிலோவா ஆனா, அடக்கம் 14.40லிருந்து சுமார் 13.60 ஆகும்.

சில்லறைக்கடை: காலி கிரேட் திரும்பி வராதே ஐயா. முன்பணம் யார் தலையில?

மண்டிக்கணக்கு: வாடகைச் சீட்டுலயே கிரேட் எண்ணிக்கையை எழுதி டிரைவர்கிட்டக் கையெழுத்து வாங்குங்க. மறுநடை வாடகையைக் காலி கிரேட் எண்ணின பிறகு கொடுங்க.

பந்திச்சமையல்: காலி கிரேட்டுக்குத் திரும்பு வாடகை கேட்பான். அதையும் அந்த 40லயே சேர்த்துட்டீங்களா?