பேக்ட் பீன்ஸ் டின்: இரவுச் சாப்பாட்டுக்கு இதையே வைத்துக்கொள்ளலாமா?

லெஸ்டர்_விடுதி

இங்கிலாந்தில் பல்கலைக்கழக விடுதி. சைவம், முட்டையும் கிடையாது. ஆறு பேருக்கு ஒரே சமையலறை என்பதால் பருப்பு வேகும்வரை அடுப்பைப் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை. வாரத்தில் நாலைந்து இரவு 415 கிராம் பேக்ட் பீன்ஸ் (தக்காளிக் குழம்பில் வரும் வெள்ளை பீன்ஸ்) டின் ஒன்று, இரண்டு துண்டு ரொட்டி. இது பருப்புக்கு ஈடாகுமா? முழு டின் அதிகமா? சர்க்கரை, உப்பு பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தாளித்துக் கொட்டினால் ஒவ்வொரு முறையும் அடிப்பிடிக்கிறது, அது ஏன் என்றும் சொல்லுங்கள்.

சத்துக்கணக்கு

டின்னின் பின்பக்கத்திலிருந்தே தொடங்கலாம். பிரிட்டனில் கிடைக்கும் வழக்கமான டின்னில் 100 கிராமுக்குச் சுமார் 80 கலோரி, புரதம் 4.7 கிராம், நார்ச்சத்து 4 கிராமை ஒட்டி, சர்க்கரை 4 முதல் 5 கிராம், உப்பு 0.6 கிராம். கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. புரதம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஹெய்ன்ஸ் நிறுவன டின்னில் பீன்ஸ் ஏறத்தாழப் பாதிதான், மீதி தக்காளிக் குழம்பு.

அரை டின்னுக்குக் கணக்குப் போட்டால் புரதம் கிட்டத்தட்ட 10 கிராம், நார்ச்சத்து 8 கிராம். வேகாத துவரம்பருப்பு 50 கிராமில் சுமார் 11 கிராம் புரதம் இருக்கிறது. ஆகவே ஈடாகும், தாராளமாக. விடுதிச் சாம்பாரில் ஒருவர் தட்டுக்கு 50 கிராம் பருப்பு விழுவதே அபூர்வம். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைப் பார்த்தால், பயறு வகைகளில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. கோதுமையில் அது நேர்மாறு. ரொட்டியோடு சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது, இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வதைப் போலத்தான். முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டு சேர்த்தால் மொத்தப் புரதம் 18 கிராமை நெருங்கும், நார்ச்சத்து 13 கிராம் வரும். பிரிட்டனில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் நார்ச்சத்து அளவு நாளுக்கு 30 கிராம்.

உங்கள் கவலை உப்பில் இருக்க வேண்டும். நம்மூர்ப் பாக்கெட்டில் சோடியத்தை மில்லிகிராமில் போடுவார்கள், அங்கே உப்பையே கிராமில் போடுகிறார்கள். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. முழு டின்னில் 2.5 கிராம் உப்பு, ரொட்டியில் இன்னொரு 0.8. நாளுக்கு 6 கிராம்தான் உச்சவரம்பு என்னும்போது ஒரே வேளையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. சர்க்கரை முழு டின்னில் 17 முதல் 20 கிராம். இதில் தக்காளியின் இயற்கைச் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று லேபிளில் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். சேர்க்கப்படும் சர்க்கரைக்கு நாளுக்கு 30 கிராம் வரம்பு.

அதனால் ஒரு வேளைக்கு அரை டின் போதும். பசி அடங்கவில்லை என்றால் வேறு டின்னில் வரும் உப்பில்லாத கொண்டைக்கடலையை வடித்துக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிறு பழகாமல் உப்பினால் கால் டின்னிலிருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால்தான் வாயு.

இதில் இரும்புச்சத்தும் இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பு உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாகச் சேரும். வைட்டமின் பி12 மட்டும் எந்தப் பயறிலும் கிடையாது. பால், தயிரை விட்டுவிடாதீர்கள், அதையும் தொடாதவர் என்றால் மாத்திரை அவசியம்.

கல்சட்டி

அடிப்பிடிப்பதற்கு வருகிறேன். பெயரில்தான் பேக்ட், அதாவது அவனில் சுட்டது. வெந்நீரில் பதமாக்கிய பீன்ஸையும் குழம்பையும் டின்னில் அடைத்து மூடி, பிறகு அழுத்த நீராவியில் டின்னோடு வேகவைக்கிறார்கள். அதனால் டின்னைத் திறக்கும்போதே அது முழுதாக வெந்த பண்டம், சூடேறினால் போதும். மூடியைத் திறந்ததும் மேலே கூழ் போலக் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பில் சோளமாவு இருக்கிறது, பீன்ஸிலிருந்து இறங்கிய மாவும் இருக்கிறது, போதாததற்குச் சர்க்கரை. தாளித்த சட்டி புகையும் சூட்டில் இருக்கும்போது கொட்டினால் மாவு அடியில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை கருகும். நாலு நிமிடத்தில் கசப்பு ஏறிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். அரை டின்னுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய். கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, நசுக்கிய பூண்டு இரண்டு பல், சின்ன வெங்காயம் என்றால் ஐந்தாறு. வெங்காயம் நிறம் மாறியபின் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் கால் கால் தேக்கரண்டி போட்டு எண்ணெயிலேயே அரை நிமிடம் வதக்கிப் பச்சை வாசனையைப் போக்குங்கள். பீன்ஸ் போட்ட பிறகு தூளைப் போட்டால் அந்த வாசனை போகவே போகாது. இப்போது அடுப்பை அணையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிச் சட்டியின் சூட்டைத் தணியுங்கள். அதன்பிறகுதான் பீன்ஸ். மறுபடி சிறுதீயில் நாலு நிமிடம், மரக்கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளறுங்கள். முதலில் குழம்பு இளகும், பிறகு ஓரத்தில் குமிழி கட்டித் தெறிக்கத் தொடங்கும். அந்தக் குமிழிதான் கணக்கு, உடனே இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் கழன்று பீன்ஸ் மசிந்துவிடும். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் எலுமிச்சைச் சாறு அரை தேக்கரண்டி, மிளகுத்தூள். இரண்டும் இனிப்பை அடக்கும், உப்புக்கு வேலையே இருக்காது.

மைக்ரோவேவ் என்றால் கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி, மேலே தட்டைத் தளர்வாக மூடி ஒன்றரை நிமிடம், கிளறி இன்னொரு நிமிடம். கிளறாமல் விட்டால் ஓரத்தில் பீன்ஸ் வெடித்துச் சுவரெல்லாம் அப்பும், நடு மட்டும் சில்லென்று இருக்கும். டின்னோடு உள்ளே வைக்கவே கூடாது.

ரொட்டியை நன்றாக முறுகச் சுட்டு, வெண்ணெயை விளிம்புவரை தடவுங்கள். அந்தக் கொழுப்புப் படலம்தான் குழம்பு உள்ளே இறங்காமல் தடுக்கிறது. நடுவில் மட்டும் தடவினால் ஓரம் நனைந்து தொய்ந்துவிடும். பிரிட்டிஷ்காரர்கள் இதை வேளைக்கு வேளை அலுக்காமல் சாப்பிடுவதற்குக் காரணமே அந்த முறுகலும் புளிப்பு இனிப்புக் குழம்பும் ஒரே வாயில் சேருவதுதான் என்பேன். இந்த டின் 1886-இல் லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் சீமான்களின் பண்டமாக வந்திறங்கியது. இன்று மாணவர் அலமாரி எல்லாவற்றிலும் இருக்கிறது.

பச்சைமிளகாய்

சைவம் என்றதால் ஒன்று. தக்காளிக் குழம்பில் வரும் சாதாரண ஹெய்ன்ஸ் டின் சைவம்தான். அதே அலமாரியில் அதே நிறத்தில் பன்றிக்கறி சாசேஜ் போட்ட டின்னும் இருக்கும், அவசரத்தில் மாறிவிடும். அமெரிக்க டின்களில் இன்னும் கவனம் தேவை. பாஸ்டன் பாணியில் வெல்லப்பாகோடு உப்புக்கண்டப் பன்றிக்கறியும் சேர்ப்பது மரபு. விடுதி நண்பர்கள் மேலே ஊற்றும் வொர்செஸ்டர் சாஸில் லீ அண்ட் பெரின்ஸ் என்றால் நெத்திலி மீன் இருக்கிறது. சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட டின் சிலவற்றில் வேறு இனிப்பூட்டி இருக்கும், பொருள்பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள்.

லெஸ்டர்_விடுதி

மூவருக்கும் நன்றி. தூளை முதலில் போடுவதும் அடுப்பை அணைப்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. மிச்ச அரை டின்னை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கலாமா? தள்ளுபடியில் ஒடுங்கிய டின் கிடைக்கிறது, வாங்கலாமா?

சத்துக்கணக்கு

திறந்த டின்னில் வைக்காதீர்கள். தக்காளிப் புளிப்பும் காற்றும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும், சுவையும் கெடும். மூடியுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஆறு பேர் ஃபிரிட்ஜ் என்பதால் திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி சூடாக்க வேண்டாம், வேண்டிய அளவை மட்டும் எடுங்கள்.

உடம்புப் பகுதியில் லேசான ஒடுக்கு, ஓரம் கூராக மடங்கவில்லை என்றால் வாங்கலாம். மேல், கீழ் விளிம்பிலோ பக்கத் தையலிலோ ஒடுங்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகக் கிருமி போயிருக்கலாம். மூடி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது உள்ளிருந்து பீய்ச்சி அடித்தாலோ ருசிகூடப் பார்க்காமல் எறியுங்கள். கெட்டுப்போன டின்னில் கிருமி உண்டாக்கும் போட்டுலினம் என்ற கொடிய நச்சு மணத்தில் தெரியாது.

கல்சட்டி

விடுமுறையில் அடுப்பு காலியாக இருக்கும்போது டின்னில் வரும் அதே வெள்ளை பீன்ஸான காய்ந்த ஹாரிகாட் பீன்ஸ் 250 கிராமை இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தணித்து ஒரு மணிநேரம் போல வேகவையுங்கள். தக்காளியைப் பீன்ஸ் நசுங்கும் பதம் வந்தபிறகே சேருங்கள். முன்னாடியே சேர்த்தால் புளிப்பில் தோல் இறுகிவிடும், எத்தனை மணிநேரம் வைத்தாலும் வேகாது. சுண்ணாம்புத் தண்ணீர் வரும் ஊர்களிலும் இதே தொல்லைதான், அங்கே ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். பிரித்து உறையவைத்தால் நாலைந்து இரவுக்கு வரும், உப்பும் உங்கள் கையில்.