உங்கள் ஆபீசில் தப்புக்கு என்ன பேர்?

பீன்யா 2-வது ஸ்டேஜ்:
பெங்களூர் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் 11 வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு லாட் முடிந்தால் அதிலிருந்து 5 பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த முதல் மாதமே என் சீனியர், தர்மபுரிக்காரர், தொழில் கற்றுக் கொடுத்தார். ஒன்றை அள, மீதி நாலுக்கு நீயே போடு. டிராயிங்கில் 25 என்று இருந்தால் எல்லாவற்றுக்கும் 25.00 போடாதே, பார்த்தவுடன் சந்தேகம் வரும். 24.99, 25.01, 24.98 என்று கலந்து போடு.

எங்கள் ஷாப்பில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. அளந்தால் 'ரீடிங் எடுப்பது', அளக்காவிட்டால் 'ரீடிங் போடுவது'. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் ஐடிஐ முடித்து வந்த பையன் ஒருவன், "அண்ணா, மீதி நாலை அளக்க வேண்டாமா?" என்று கேட்டான். "சொல்ப (கொஞ்சம்) அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி, வண்டி நிக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சீனியர் அன்றைக்கு என்னிடம் சொன்னதும் இதேதான், ராகம்கூட மாறவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. உங்கள் இடங்களில் இதற்கெல்லாம் என்ன பேர் வைத்திருக்கிறார்கள்?

அல்சூர்க்காரி:
எங்களிடம் 'லாகின்'. ஒரு தனியார் வங்கிக் கிளையில் 6 வருடம் இருந்தேன், வங்கியின் பெயர் வேண்டாம். இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று விற்றால் ஒரு லாகின். காலை மீட்டிங்கில் "இன்னைக்கு எத்தனை லாகின்?" என்றுதான் கேட்பார்கள். யார் தலையில் கட்டினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மார்ச் மாதம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

ஒரு மார்ச்சில் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். என்னை 'அம்மாடி' என்றுதான் கூப்பிடுவார். 5 வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியை, "எஃப்டி மாதிரிதான் சார், வட்டி கொஞ்சம் கூட" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அதன் பிறகு கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வரும். அதற்கும் முன்னாடியே தயார் செய்துவிடுவோம்: என்ன கேட்டாலும் எஸ் சொல்லுங்க சார். அவர் என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன் மாதிரி, ஒவ்வொரு கேள்விக்கும் 'எஸ்' என்றார். பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது பிரீமியத்துக்கு மெசேஜ் வந்ததும் வந்தார். "நீ என்னம்மாடி பண்ணுவே, மேலே இருந்து சொல்லியிருப்பாங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

2016-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் வெளியே வந்தபோது வரி விடாமல் படித்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்கு, சேவை விற்க வேண்டும் என்று டார்கெட். ஊழியர்கள் ஆட்களுக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்திருக்கிறார்கள். வேலை போனவர்கள் சுமார் 5,300 பேர். எட்டு என்று முடிவு செய்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பெல்லந்தூர் 7-வது மாடி:
எங்கள் அபார்ட்மென்ட்டில் 'பைபாஸ்'. கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பிளான்ட் இருக்கிறது. காற்று அடிக்கிற புளோயருக்கு கரண்ட் எக்கச்சக்கமாக இழுக்கும். மெயின்டனன்ஸ் ஏற்றக் கூடாது என்று கமிட்டியில் ஒரே சத்தம். சரி, ராத்திரியில் ஆஃப் பண்ணிவிடலாம் என்று கை தூக்கினோம். நானும் தூக்கினேன். தண்ணீர் அப்படியே ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் இறங்கி ஏரிக்குப் போகும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் பிளான்ட் பகலிலும் இரவிலும் ஓடும். 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து, ராணுவம் வந்து அணைத்ததே, அன்று பால்கனியில் நின்று வீடியோ எடுத்து, அரசாங்கத்தைத் திட்டி குரூப்பில் போட்டவர்களும் நாங்களேதான்.

முருகேஷ்பாளையா தாத்தா:
பொதுத்துறை ஒன்றில் எஞ்சினியராக இருந்து ரிட்டையர் ஆனவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாசாவின் சேலஞ்சர் விண்கலத்தின் கதையைச் சொல்வது என் வழக்கம். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பரவாயில்லை, பீன்யா தம்பிக்காக இன்னொரு முறை.

அந்த விண்கல ராக்கெட்டின் இணைப்புகளில் ஓ-ரிங் என்று ரப்பர் வளையம் உண்டு. அது அரிக்கப்படுவதை 1981-லேயே, இரண்டாவது பயணத்திலேயே பார்த்துவிட்டார்கள். அரிக்கவே கூடாத வளையம். ஆனால் கலம் பத்திரமாகத் திரும்பியது. மறுபடி அரித்தது, மறுபடி திரும்பியது. அதற்கு 'ஏற்கத்தக்க அபாயம்' என்று பேர் விழுந்தது. இப்படி விதி மீறல் மெதுவாக வழக்கமாகிப் போவதைத்தான் டயேன் வாகன் என்ற சமூகவியலாளர் பிறகு விரிவாக ஆராய்ந்தார்.

1986 ஜனவரி 27 ராத்திரி நல்ல குளிர். ராக்கெட் செய்த தயோகால் கம்பெனியின் எஞ்சினியர்கள், 12 டிகிரிக்குக் கீழே ஏவாதீர்கள் என்று போனில் மன்றாடினார்கள். நாசாவுக்குப் பிடிக்கவில்லை. அப்போது கம்பெனியின் பெரிய அதிகாரி, எஞ்சினியரிங் பிரிவுத் தலைவரைப் பார்த்து, எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். அவரும் போட்டுக்கொண்டார். புளோரிடாவில் இருந்த கம்பெனிப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் மட்டும் ஒப்புதலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதனால் என்ன? யூட்டா ஆபீசில் வேறொருவர் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் காலை, கிளம்பிய 73 விநாடியில் கலம் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் போனார்கள்.

கே.ஆர்.புரம் ஆட்டோ:
எல்லோரும் பேர் மேலேயே பழியைப் போடுகிறீர்கள். மழை வந்தால் நான் மீட்டருக்கு மேல் ரெண்டு பங்கு கேட்பேன். தப்பு என்று தெரிந்தேதான் கேட்கிறேன். அல்சூர் அக்காவுக்கும் தெரியும். தெரியாவிட்டால் அந்த 15 நாளை ஏன் மறைக்க வேண்டும்?

அல்சூர்க்காரி:
தெரியும் தம்பி.

பீன்யா 2-வது ஸ்டேஜ்:
தாத்தா எழுதியதைப் படித்துவிட்டு திங்கட்கிழமை ஐந்தையும் அளந்தேன். மூன்றாவது பீஸ் 25.04. 25.02-க்கு மேல் போகக் கூடாது. சந்தேகமாக இருந்து இன்னும் பத்து எடுத்தேன், அதில் நாலு அப்படித்தான். ரிப்போர்ட்டில் இருந்ததை இருந்தபடி எழுதி, லாட் போகாது என்று சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "சரி, நீங்க டீ சாப்பிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்தபோது வண்டி கிளம்பியிருந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். என் தாள் இல்லை. புதுத் தாள், ஐந்து ரீடிங்கும் சரியாக இருந்தது. 24.99, 25.01, 24.98. கீழே அந்த ஐடிஐ பையனின் கையெழுத்து.