அட்டையை மறைத்துப் படிக்கும் மாத நாவல்கள்: இந்தக் கூச்சத்தை எப்படி விடுவது?

வைகைக்கரை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து வருகிறேன். பகல் முழுவதும் குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் நடத்திவிட்டு மாலையில் பேருந்தில் ஏறி அமர்ந்ததும், என் கை தானாகவே பைக்குள் இருக்கும் துப்பறியும் மாத நாவலைத் தேடும். இந்தப் பழக்கம் என் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் ராணிமுத்துவையும் மாலைமதியையும் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பார்; உலை கொதிக்கும் இடைவெளியில் நின்றபடியே நான்கு பக்கம் படித்துவிட்டு, அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அதே இடத்தில் வைத்துவிடுவார். நான் அரிசி டின்னுக்குப் பதிலாகப் பழைய நாளிதழில் அட்டை போட்டு மறைக்கிறேன். வேறுபாடு அவ்வளவுதான்.

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டை எடுத்தபோது நாவலும் சேர்ந்து கீழே விழுந்தது. நாளிதழ் உறை கழன்று, மிரண்ட கண்களுடைய பெண்ணும் துப்பாக்கியும் சிவப்பெழுத்துகளுமாக அட்டை மேலே தெரிந்தது. உடன் பணிபுரிபவர் அதை எடுத்துக் கொடுத்தபடி, "நீங்களுமா மேடம் இதையெல்லாம் படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஒரு மாணவியிடமிருந்து பிடுங்கி வைத்தது" என்று சொல்லிவிட்டேன். அப்படியொரு மாணவியே இல்லை. நாவல் படிப்பதைவிட, இல்லாத ஒரு பெண்ணின் தலையில் அதைச் சுமத்தியதுதான் இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. இந்தக் கூச்சம் இல்லாமல் படிக்க முடியுமா? அதற்கு முன், இதில் உண்மையிலேயே கூச்சப்பட ஏதேனும் இருக்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டைவாசி:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். திருச்சியில் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். மாத நாவல் கட்டு வந்து இறங்கியதும் கயிற்றில் வரிசையாகக் கவ்வி மாட்டுவோம்; மாட்டி முடிப்பதற்குள் "புதுசு வந்துவிட்டதா?" என்று கேட்டு ஆள் வந்துவிடும். லாரி ஓட்டுநர், ஆஸ்பத்திரி ஆயா, வங்கி அதிகாரி, கோயில் குருக்கள் என்று எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூச்சப்பட்டவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள். ஒருவர் மாதந்தோறும் இலக்கியப் பத்திரிகை ஒன்றையும் நாவல் ஒன்றையும் சேர்த்து வாங்கி, நாவலைப் பத்திரிகைக்குள் மடித்து வைத்து, பத்திரிகையின் பெயர் வெளியே தெரியும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். பேருந்து கிளம்பும்போது சன்னலோரம் பார்த்தால், அவர் கையில் விரிந்திருப்பது நாவலாகவே இருக்கும்.

ஓட்டுநர்கள் அப்படி மறைத்து நான் பார்த்ததில்லை. படித்து முடித்ததை அடுத்த வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரே நாவல் எட்டுப் பத்துக் கை மாறி, முதுகில் அடித்த கம்பி ஊசி துருப்பிடித்து, பக்கங்கள் தனித்தனியாகக் கழன்ற நிலையில் மறுபடியும் என் கடைக்கே வந்ததுண்டு. ராணிமுத்து 1969-ல் ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவல் என்று வெளிவரத் தொடங்கியபோது, புத்தகக் கடைக்குள் நுழையவே தயங்கிய சனங்கள் பெட்டிக்கடையில் நின்று நாவல் வாங்கினார்கள். அந்த வரிசையில் உங்கள் அம்மாவும் நின்றிருப்பார். அவர் படித்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அம்மா.

பழஞ்சுவடி:

உங்கள் கூச்சத்தின் வயது இந்த நாவல்களின் வயதைவிடக் கூடுதல். நூறாண்டுக்கு முன்பு நாவல் என்ற வடிவமே தமிழ்நாட்டில் மறைத்துப் படிக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. நாவல் வாசிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று மேடையிலும் பத்திரிகையிலும் பேசினார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் எழுதிய கதைகளைத் தழுவித் தமிழில் தந்தபோது, விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். வாசகர்கள் விடாமல் வாங்கினார்கள். வடுவூராரின் கதைதான் பின்னர் 1950-ல் 'திகம்பர சாமியார்' படமாக வந்தது. 1925-ல் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். இன்று இவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார்கள். அன்று இவர்களின் நூல்கள் இருந்த இடமும் ஏதோ ஒரு வீட்டின் அரிசிப் பானைக்குப் பின்னால்தான்.

ஆனால் இந்த வரலாற்றைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. மாட்டிக்கொண்டவுடன் "இதுவும் இலக்கியம்தான்", "சமூக ஆவணம் என்ற வகையில் படிக்கிறேன்" என்று சொல்லத் தோன்றும். அதுவும் நாளிதழ் உறை போன்றதே. சற்று விலை உயர்ந்த உறை. இந்த நாவல்கள் என்ன செய்ய வந்தனவோ அதைச் செய்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கும் ராஜேஷ்குமார், ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்த அத்தியாயத்தில் அதற்குத் தொடர்பே இல்லாத இன்னொரு கதை என்று மாற்றி மாற்றி நடத்தி, இறுதியில் இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து முட்டவிடுவார். எந்த இடத்தில் முட்டும் என்று ஊகித்துக்கொண்டே போவதில் ஒரு சுகம் இருக்கிறது. குறுந்தொகைப் பாடல் தரும் சுகம் வேறு, இது வேறு. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கத் தேவையில்லை. "பிடித்திருக்கிறது, படிக்கிறேன்" என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

இரவுப்பணி செவிலி:

அக்கா, மேலே எழுதியவர்களிடமிருந்து ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். எல்லாக் கூச்சமும் ஒரே வகையானதன்று. நான் படிப்பது குடும்ப நாவல்களும் காதல் நாவல்களும். இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் தொடராகவே வருகின்றன. வார்டில் இரண்டு மணிக்கு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்கு முன் ஓர் அத்தியாயம் படித்தால்தான் எனக்கு அந்த இரவு நகரும். உடன் வேலை செய்யும் பெண்கள் கேலி செய்தபோது முதலில் திரையை அணைத்துவிடுவேன். பிறகு அணைப்பதை விட்டேன். மூன்றாம் நாளே அவர்களில் ஒருத்தி இணைப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

ஆனால் சில கதைகளில் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைவான், மிரட்டித் தாலி கட்டுவான், அதன் பின் அவள் அவனை உருகி உருகிக் காதலிப்பாள். அவற்றை அதிகாலை மூன்று மணிக்கு யாருமே பார்க்காத இடத்தில் படித்தபோதும் எனக்குள் ஏதோ சுருங்கியது. அதே வார்டில், கணவன் அடித்து உதடு கிழிந்து வந்த பெண்ணுக்கு நானே தையல் தட்டு ஏந்தி நின்றிருக்கிறேன். யாருடைய ஏளனமும் இல்லாமல் எனக்கே தோன்றிய அந்தச் சுருக்கத்துக்குச் செவி கொடுத்து, அந்த வகைக் கதைகளை நிறுத்திவிட்டேன். மற்றவற்றை வெளிப்படையாகவே படிக்கிறேன். ஆசிரியர் அறை காலியாக இருந்து நாவல் விழுந்திருந்தால் உங்களுக்குக் கூசியிருக்குமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள் அக்கா. கூசியிருக்காது என்றால், அந்தக் கூச்சம் உங்களுடையதன்று.

வைகைக்கரை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கை கேட்ட கேள்வியை யோசித்துப் பார்த்தேன். அறை காலியாக இருந்திருந்தால், குனிந்து எடுத்து, எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று தேடியிருப்பேன், வேறொன்றும் தோன்றியிருக்காது. ஐயா பழஞ்சுவடி சொன்ன விலை உயர்ந்த உறையையும் நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று காலை அந்த ஆசிரியையிடம் போய், "அன்று விழுந்தது மாணவியின் புத்தகம் இல்லை, என்னுடையது, மாதாமாதம் வாங்குகிறேன்" என்றேன். இதைச் சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மணி வகுப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

மாலையில் உறை இல்லாமலே பேருந்தில் விரித்தேன். சீட்டுக் கொடுக்க வந்த நடத்துநர் தலையைச் சாய்த்து அட்டையைப் பார்த்து, கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது என்றேன். இறங்கும்போது சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.