'பாசஞ்சர் லிஸ்ட்' - 'பயணி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

கப்பலில் வந்தவர்களின் பெயர்களைப் பதிந்த பழைய ஆவணங்களை ஆங்கிலத்தில் 'பாசஞ்சர் லிஸ்ட்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் 'பயணியர் வருகைப் பதிவேடு' என்று வைத்துவிடலாம் என்று நம் பேச்சில் முடிவாகும் போலிருக்கிறது. எனக்கு அதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. வருகைப் பதிவேடு என்றாலே பள்ளிக்கூடத்து 'உள்ளேன் ஐயா'தான் காதில் விழும். அது சின்னச் சிக்கல், விடுங்கள். 'பயணி'தான் பெரிய சிக்கல்.

தமிழ் வம்சாவளியினர் முன்னோரைத் தேடும், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கப்பல் பட்டியல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது; அதில் தொடங்கி 1911 வரை, நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோனாலும், ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போய் இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஆனால் அந்த நாட்டு வரலாற்றில் 'பாசஞ்சர் இந்தியர்' என்றால் இவர்கள் கிடையாது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வணிகர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் குஜராத்திகளுக்கு, வழங்கிய பெயர் அது. அவர்கள் இந்த ஒப்பந்தப் பட்டியல்களில் வரவே மாட்டார்கள். ஆக, நாம் 'பயணியர் பட்டியல்' என்று எழுதினால், எவர் பட்டியலில் இல்லையோ அவர் பெயரையே பட்டியலுக்குச் சூட்டியதாகிவிடும்.

'வந்தேறிகள் பட்டியல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, இன்றைக்கு அந்தச் சொல் வசவாகப் புழங்குகிறது, வேண்டவே வேண்டாம்.

என் முன்மொழிவு: 'கப்பலிறங்கியோர் பட்டியல்', சுருக்கமாக 'இறங்கியோர் பட்டியல்'. புறப்பட்ட துறைமுகத்தில் எழுதியது 'ஏறியோர் பட்டியல்'. நடுக்கடலில் இறந்தவர்களும் உண்டு, பிறந்த குழந்தைகளும் உண்டு என்பதால் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. தேடுகிறவருக்கு அந்த வேறுபாடு முக்கியம். 'கப்பலேறிப் போனார்' என்று நம் வீடுகளில் சொல்கிற வழக்கும் இருக்கிறது.

அடுத்து, பட்டியலின் உள்ளே இருப்பவை. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுத்த 'கலோனியல் நம்பர்' என்பதைக் 'காலனி எண்' ஆக்கினால் கதவில் ஒட்டிய வீட்டு நம்பர் என்று நினைப்பார்கள். 'குடியேற்ற எண்' போதும். மொரீஷியஸிலும் வந்தவர்களுக்கு இப்படி எண் கொடுத்திருக்கிறார்கள், அங்கும் பொருந்தும். இந்த எண்ணுக்குத் தெளிவான சொல் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம், தேடலே பல நேரம் இதை நம்பித்தான் நடக்கிறது. முனுசாமி என்று தேடினால் கூட்டமாக வந்து நிற்பார்கள், அதுவும் எழுத்தர் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய விதவிதமான எழுத்துக்கூட்டலில். பட்டியலில் இருப்பது ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். இன்றைய நாயுடு, கோவிந்தர், பிள்ளை என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு நேரே போனால் பெரும்பாலும் கதவு திறக்காது. பழைய திருமணப் பதிவிலோ இறப்புப் பதிவிலோ எண் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்த மாதிரிதான். ஒரே குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் என்பதால் மனைவி, பிள்ளைகளும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

ஜில்லா, தாலுகாவை அப்படியே விடலாம். உடலில் உள்ள தழும்பு, மச்சம் குறிக்கும் பத்திக்கு 'அங்க அடையாளம்' இருக்கவே இருக்கிறது, நம் பள்ளிச் சான்றிதழில் பார்த்ததுதான். புதிதாக எதையும் செதுக்க வேண்டாம்.

ஃபிஜி மட்டும் இடக்கு பண்ணுகிறது. அங்கே ஆளுக்கு ஒரு தனித்தாள், 'எமிக்ரேஷன் பாஸ்'. சென்னையிலிருந்து 1903 முதல் அங்கே போனவர்களுக்கும் அதுதான். பட்டியல் என்று அதைச் சொல்ல முடியாது. 'ஏறியோர் சீட்டு' என்று எழுதிப் பார்த்தேன், பஸ் டிக்கெட் போல ஒலிக்கிறது. 'புறப்பாட்டுச் சீட்டு' பரவாயில்லையா, யாராவது சொல்லுங்கள்.