படோல் பாபுவின் ஒரே ஒரு 'ஆ!'

வங்காளச் சிறுகதைகளில் மனசில் நின்ற நாயகன் யார் என்று இங்கே கேட்டதும் பலரும் துப்பறிவாளர் ஃபெலுடாவைச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது படோல் பாபுதான். வயது 52, குட்டை உருவம், வழுக்கைத் தலை. படோல் என்பது வங்காளிகள் அடிக்கடி சமைக்கும் காய், பெரிய கோவைக்காய் மாதிரி இருக்கும். அந்தப் பெயரில் ஒருவரைப் படைத்து நம்மைக் கலங்கவும் வைத்தார் சத்யஜித் ராய்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அவரை முதலில் பார்த்தேன். இளமையில் காஞ்ச்ராபாரா என்ற ஊரில் ஜாத்ரா எனும் வங்காள நாட்டுப்புறக் கூத்து, நாடகம் என்று மேடையேறியவர். கொல்கத்தா வந்தபின் போர்க்கால ஆள்குறைப்பில் வேலை போனது, அதற்கப்புறம் எதுவுமே நிலைக்கவில்லை. திடீரென்று ஒரு சினிமா வாய்ப்பு. கதாநாயகன் மேல் மோதும் பாதசாரி வேடம். வசனம் எங்கே என்று கேட்டால் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுகிறார்கள். அதில் ஒரே சொல்: 'ஆ!'

மனுஷன் குன்றிப்போகிறார். அப்போதுதான் நாடக குரு ககன் பக்ராஷி சொன்னது நினைவுக்கு வருகிறது: எந்த வேடமும் கௌரவக் குறைவு இல்லை, கிடைத்ததிலிருந்து கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடு. பக்கத்துத் தெருவில் ஒரு கண்ணாடி ஜன்னலைப் பார்த்து நின்று அந்தச் சொல்லைக் குறுக்கி, நீட்டி, உரக்க, கிசுகிசுத்துப் பழகுகிறார். கையில் செய்தித்தாள் இருந்தால் கவனமில்லாமல் நடப்பது பொருந்தும் என்று இயக்குநரிடம் அவரே சொல்கிறார். காட்சி பிரமாதமாக முடிகிறது. பணம் கொடுக்க ஆள் வந்தால் அவரைக் காணோம்!

வகுப்பில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றோம். நானும்தான்.

இரண்டு வருடம் முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் ஆள்குறைப்பு வந்தது. கடைசியில் கிடைத்தது, பள்ளிப் புத்தகப் படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதும் வேலை. முதல் நாள் வந்த படம், இலையின் குறுக்குவெட்டு. 'இலையின் அமைப்பு' என்று அடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. எழ முடியவில்லை. மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது என்று ஒரு பிள்ளை குழம்புமே என்று தோன்றியது. அந்த ஒரு வரியை ஆறு முறை மாற்றினேன். ஏழாவது சரியாக வந்தபோது, ஆள் இல்லாத அறையில் 'ஆ!' என்று சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் நான் காசை வாங்கிக்கொண்டேன். அவர் ஏன் விட்டுவிட்டுப் போனார் என்பது எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. உங்களுக்கு?

*

உங்கள் படோல் பாபு பதிவைப் படித்தேன். கொல்கத்தாவில் நான்கு வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஓ'. வங்காளத்தில் அது 'ஆ', நம் 'ஆ'வேதான். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் இந்தக் கதையை எனக்கு வாசித்துக் காட்டினார். கிள்ளினால் வரும் 'ஆ', வெயிலில் குளிர்ந்த சர்பத் உள்ளே இறங்கும்போது வரும் 'ஆ' என்று ஒவ்வொன்றாகச் செய்தும் காட்டினார்.

ராய் இதைச் சும்மா கற்பனையில் எழுதவில்லை என்பது என் எண்ணம். அவர் இயக்கிய முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யில் கிழவியாக நடித்த சுனிபாலா தேவி, மேடையை விட்டுப் பல வருடம் மறக்கப்பட்டுக் கிடந்தவர். 1955இல் படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். அப்படிப்பட்டவர்களைக் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் எழுதிய கதை இது.

காசு விஷயத்தை நானும் தாத்தாவிடம் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "அந்த 'ஆ'வுக்கு அவர்கள் என்ன விலை போட்டிருப்பார்கள், சொல்லு?" என்றார்.